காலி டிஸ்க்குக்கு எழுதிய கோப்பு

கிக்ஸ்டார்ட், பிரிசீட், ஆட்டோஇன்ஸ்டால் கோப்புகளை எழுதிச் சர்வர்களுக்கு லினக்ஸ் ஏற்றும் நண்பர்களுக்கு,



சென்ட்ஓஎஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்று நின்றது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இவற்றில் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் ராக்கிக்கோ, அல்மாவுக்கோ, உபுண்டுவின் புதிய பதிப்புக்கோ மாறியாக வேண்டும். மாற்றச் சொல்பவர்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இயங்குதளம் புதிதாக வரட்டும், ரெய்டில் இருக்கும் தரவு அப்படியே இருக்கட்டும். அந்த வேலையை நீங்கள் தானியங்கி நிறுவலிடம் ஒப்படைக்கிறீர்கள். அதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேசத்தான் இந்த மடல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலி டிஸ்க்குகளுக்கு எழுதிய நிறுவல் கோப்பை நாலு வரி திருத்தி, தரவு நிறைந்த சர்வரில் ஓட்டாதீர்கள். புது சர்வரில் நடப்பது உருவாக்கும் வேலை. பழைய ரெய்டை வைத்துக்கொண்டு மறுபடி நிறுவும்போது நடப்பது, இருப்பதை அடையாளம் காணும் வேலை; அடையாளம் தெரியாவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிட வேண்டிய வேலை. அந்தக் கோப்பை வெற்றுத் தாளிலிருந்து தனியாக எழுதுங்கள்.

கையால் நிறுவுகிறவருக்கு ஒரு காவல் இருக்கிறது. திரையில் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். பழைய பார்ட்டிஷன்கள் தெரியும். அழிக்கப்போவதற்கு முன் நிறுவல் நிரல் கேட்கும். கை ஒரு நொடி தயங்கும். தானியங்கி நிறுவலில் அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நாம் முன்கூட்டியே பதில் எழுதிவிடுகிறோம். டெபியன் தரும் மாதிரி பிரிசீட் கோப்பிலேயே, பழைய மென்பொருள் ரெய்டு இருந்தால் அதை நீக்கிவிடு என்று பதில் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. அது எச்சரிக்கை வராமல் தடுப்பதற்கான வரி. புது சர்வரில் அது சரி. அதே கோப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நகலாகப் போய், தரவு உள்ள சர்வரில் ஓடும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் அந்த எச்சரிக்கைக்கும் ‘ஆம்’ என்ற பதில் போய்ச் சேர்கிறது.

கிக்ஸ்டார்ட்டிலும் இதே கதைதான். கிளியர்பார்ட் என்ற கட்டளையே கோப்பில் இல்லாவிட்டால், நிறுவல் நிரலான அனகோண்டா எந்தப் பார்ட்டிஷனையும் நீக்காது. ஆனால் கைமாறிக்கொண்டிருக்கும் மாதிரிக் கோப்புகளில் கிளியர்பார்ட் ஆல் என்ற வரியும், அதன் பக்கத்தில் ஜீரோஎம்பிஆரும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. ‘ஆல்’ என்றால் அந்த நேரத்தில் நிறுவல் நிரலின் கண்ணுக்குத் தெரியும் எல்லா டிஸ்க்கும். நெட்வொர்க் வழியாக இணைந்திருக்கும் சேமிப்பகமும் அதில் அடங்கும். ரெட்ஹாட்டின் ஆவணமே இதை எச்சரித்து, அழிக்க வேண்டிய டிஸ்க்குகளை மட்டும் பெயர் சொல்லிக் கொடுங்கள், நெட்வொர்க் சேமிப்பகத்தை நிறுவல் முடிந்தபின் இணையுங்கள் என்கிறது.

ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். 4 டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் 8 டிபி. ஒவ்வொரு டிஸ்க்கிலும் பூட்டுக்கு ஒரு சிறு பார்ட்டிஷன், ரூட்டுக்கு ஒன்று, மீதி முழுக்கத் தரவுக்கு. பூட்டும் ரூட்டும் ரெய்டு 1. தரவு ரெய்டு 5, சுமார் 24 டிபி. இப்படி அமைத்த சர்வர்கள் ஏராளம். சிக்கலும் இங்கேதான், ஏனென்றால் அழிக்க வேண்டியதும் காக்க வேண்டியதும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டிஸ்க்கை மொத்தமாக ஒதுக்கி வைக்க வழியில்லை.

இதற்குக் கிக்ஸ்டார்ட் தரும் கருவிகள் போதுமானவை. ஆனால் அவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். ரெய்டு கட்டளையில் யூஸ்எக்ஸிஸ்டிங் என்று எழுதினால், இருக்கும் ரெய்டை எடுத்துக்கொண்டு அதன் மேல் புதிதாக ஃபார்மட் செய்யும். நோஃபார்மட் என்று எழுதினால் மட்டுமே உள்ளே இருப்பதைத் தொடாமல் மவுன்ட் செய்யும். ரூட்டுக்கு யூஸ்எக்ஸிஸ்டிங் பொருத்தமானது. ரூட் புதிதாக ஃபார்மட் ஆக வேண்டும் என்று அனகோண்டாவே எதிர்பார்க்கிறது. தரவு ரெய்டுக்கு நோஃபார்மட்தான், வேறு எதுவும் இல்லை. தரவு ரெய்டுக்குத் தவறி யூஸ்எக்ஸிஸ்டிங் என்று எழுதிய கோப்பு எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் ஓடி முடியும். முடிந்தபின் தரவு அடைவு சுத்தமாக, காலியாக இருக்கும். ரெய்டுக்கு மேல் எல்விஎம் இருந்தால், வால்யூம் குரூப், லாஜிக்கல் வால்யூம் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் இதையே தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கீழ் அடுக்கைக் காத்தது மேல் அடுக்கையும் காத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்தது பெயர். பெரும்பாலான விபத்துகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கணிப்பு. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்குகளின் பெயர்கள் அல்ல. கெர்னல் அன்றைக்கு எந்த வரிசையில் அவற்றைக் கண்டதோ அந்த வரிசை எண்கள். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை, பெயர் கேட்காமலே ஆள் இவர்தான் என்று முடிவு செய்வதைப் போன்றது அது. பழைய கெர்னலில் எஸ்டிஏவாக இருந்தது புதிய கெர்னலில் எஸ்டிசி ஆகலாம். யாரோ ஒரு யூஎஸ்பி டிரைவைச் செருகி வைத்திருந்தாலும் ஆகலாம். டிஸ்க்கின் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பை-ஐடி பெயரை எழுதுங்கள். அது டிஸ்க்கோடு கூடவே போகும்.

எம்டி0, எம்டி1 என்பவையும் இப்படித்தான். ரெய்டின் மெட்டாடேட்டாவுக்குள் அது எந்த சர்வரில் உருவானது என்ற பெயரும் எழுதப்பட்டிருக்கும். நிறுவல் சூழலுக்கு அந்தப் பெயர் தெரியாது. வேற்று சர்வரின் ரெய்டு என்று எண்ணி அதை எம்டி127, எம்டி126 என்று மேலிருந்து கீழாக எண்ணிட்டுவிடும். நேற்று வரை எம்டி2 என்று உங்களுக்குப் பழக்கமான தரவு ரெய்டு, நிறுவலின்போது எம்டி127 ஆக நிற்கும். அதனால்தான் எண்ணுக்குப் பதில் பொருளுள்ள பெயரைக் கொடுக்கச் சொல்கிறது ரெட்ஹாட். பெயர் வைக்க முடியாத பழைய 0.90 மெட்டாடேட்டா ரெய்டு என்றால், ஃபைல்சிஸ்டத்தின் லேபிளையோ யூயூஐடியையோ வைத்துக் குறிப்பிடலாம்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்த நிறுவல் இமேஜைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதே இமேஜில், அதே சர்வரை ரெஸ்க்யூ முறையில் ஒருமுறை பூட் செய்யுங்கள். ப்ராக் அடைவில் எம்டிஸ்டாட் கோப்பைப் படியுங்கள். எம்டிஏடிஎம்மின் எக்ஸாமின் கட்டளையைக் கொடுத்து ஒவ்வொரு உறுப்பின் யூயூஐடி, வரிசை, ஈவென்ட் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயங்குதளத்தில் எடுத்த பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். நிறுவல் நிரலுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு.

அங்கே ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு. ரெட்ஹாட் 8-இல் பழைய சேமிப்பகக் கார்டுகள் பலவற்றுக்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள். பலரும் விரும்பி வாங்கிப் போட்ட எல்எஸ்ஐயின் எஸ்ஏஎஸ்2008 சிப் உள்ள கார்டுகள் அந்தப் பட்டியலில் உண்டு. சென்ட்ஓஎஸ் 7-இல் பிரச்சினையே இல்லாமல் ஓடிய 4 டிஸ்க்குகளில், மதர்போர்டில் நேராக இணைந்த 2 மட்டும் புதிய நிறுவலில் தெரிந்து, கார்டு வழியாக வந்த 2 மறைந்துபோகலாம். ரெய்டு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். டிரைவர் இல்லை, அவ்வளவுதான். ஈஎல்ரெப்போ தரும் டிரைவர் டிஸ்க்கை நிறுவலின் தொடக்கத்திலேயே கொடுத்தால் அவை தெரியவரும். ஆனால் உங்கள் கோப்பு இதைக் கண்டுபிடித்து நிற்க வேண்டும். தெரிகிற 2 டிஸ்க்குகளைப் பார்த்து, இதுவே போதும் என்று அவற்றில் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

கோப்பு எப்படி நிற்கும்? கிக்ஸ்டார்ட்டில் பிரீ என்ற பகுதி, டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட். அந்தப் பகுதியின் தலைப்பில் எரர்ஆன்ஃபெயில் என்று சேர்த்துவிட்டால், ஸ்கிரிப்ட் தோல்வியோடு வெளியேறும்போது முழு நிறுவலும் நின்றுவிடும். இந்த ஒரு சொல்லை உங்கள் கோப்புகளில் காண எனக்கு மிகுந்த ஆசை. அந்த ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது அதிகமில்லை. எதிர்பார்க்கும் யூயூஐடி உள்ள ரெய்டு தெரிகிறதா, அதன் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, குறைவுபடாத நிலையில் ஓடுகிறதா, உள்ளே எதிர்பார்த்த ஃபைல்சிஸ்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால் பார்ட்டிஷன் வரிகளைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, இன்க்லூட் மூலம் முதன்மைக் கோப்பு அதை எடுத்துக்கொள்ள விட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த வரிகள் எழுதப்படவே கூடாது.

பல கோப்புகளில் இதற்கு நேர் எதிரானதைப் பார்க்கலாம். பழைய ரெய்டு கிடைத்தால் அதைப் பயன்படுத்து, கிடைக்காவிட்டால் புதிதாக உருவாக்கு என்ற இரட்டை வழி. ஒரே கோப்பு புது சர்வருக்கும் பழைய சர்வருக்கும் ஆகிவிடும் என்ற வசதிக்காக எழுதுவது இது. எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. ரெய்டு கிடைக்காமல் போவதற்கு டிரைவர், தளர்ந்த கேபிள், தாமதமாகச் சுழலத் தொடங்கும் டிஸ்க், பெயர் மாற்றம் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. டிஸ்க் உண்மையிலேயே காலியாக இருப்பது அவற்றில் ஒன்று மட்டும். எந்தக் காரணமானாலும் புதிதாக உருவாக்கு என்று எழுதி வைப்பது, கேபிள் தளர்ந்ததற்கு 24 டிபி தரவை விலையாகக் கேட்பது.

புதிதாக உருவாக்குவது ஏன் அவ்வளவு ஆபத்து என்றும் சொல்ல வேண்டும். பழைய ரெய்டின் மேல் அதே டிஸ்க்குகளை வைத்து எம்டிஏடிஎம் கிரியேட் கொடுத்தால் தரவு அப்படியே வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். டிஸ்க் வரிசை, சங்க் அளவு, மெட்டாடேட்டா பதிப்பு, தரவு தொடங்கும் இடம் எல்லாம் பழையபடியே அமைந்தால்தான் அது நடக்கும். எம்டிஏடிஎம் 3.1 வரிசையில் இயல்பான சங்க் அளவு 64 கேபியிலிருந்து 512 கேபிக்கு மாறியது. மெட்டாடேட்டாவின் இயல்புப் பதிப்பும் 0.90-ஐ விட்டு 1 வரிசைக்குப் போனது. 0.90-இல் சூப்பர்பிளாக் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். 1.2-இல் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கும். பழைய ரெய்டு ஒரு கணக்கில், புதிய கட்டளை வேறொரு கணக்கில். போதாததற்கு, ரெய்டு 5 உருவானதும் கெர்னல் ஒத்திசைவைத் தொடங்கி, கடைசி உறுப்பாகக் கொண்ட டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். ஒரு டிஸ்க்குக்கு நொடிக்குச் சுமார் 200 எம்பி என்பது இதற்குக் கெர்னல் வைத்திருக்கும் இயல்பான மேல்வரம்பு. அந்த வேகத்திலேயே போனாலும் 8 டிபியை எழுதி முடிக்க 11 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க, பழைய தரவின் மேல் புதிய கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டைப் பற்றி எழுதியபோது அவர்கள் தரவைக் காக்க நினைத்தது டிஸ்க் பழுதிலிருந்து. தவறான கட்டளையிலிருந்து ரெய்டு யாரையும் காப்பாற்றாது. தவறான கட்டளையையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக நிறைவேற்றி வைக்கும்.

உபுண்டு நண்பர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ஆட்டோஇன்ஸ்டாலின் சேமிப்பகப் பகுதியைக் கையாளும் கர்ட்டினில் பிரிசர்வ் என்ற சாவி இருக்கிறது. டிஸ்க், பார்ட்டிஷன், ரெய்டு, ஃபார்மட் என்று காக்க வேண்டிய ஒவ்வோர் அடுக்கிலும் அதை ட்ரூ என்று எழுத வேண்டும். டிஸ்க்கைச் சீரியல் எண்ணால் பொருத்துங்கள். ரெய்டு அடுக்கில் பிரிசர்வ் கொடுத்தால், நீங்கள் எழுதிய ரெய்டு நிலையும் உறுப்புகளும் உண்மையில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று கர்ட்டின் சரிபார்க்கும். இது நல்ல ஏற்பாடு. டெபியனின் பிரிசீட் வழியாக, இருக்கும் ரெய்டை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வது எளிதல்ல. அதன் தானியங்கிப் பார்ட்டிஷன் முறை புதிதாக உருவாக்குவதை மனத்தில் வைத்தே அமைந்தது. டெபியனில் இந்த வேலை அடிக்கடி வருகிறவர்கள், கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999-இல் தொடங்கிய எஃப்ஏஐயைப் பாருங்கள். எந்தப் பார்ட்டிஷனை எப்போதும் காக்க வேண்டும், எதை மறுநிறுவலில் மட்டும் காக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல அதில் வழி இருக்கிறது.

தரவு ரெய்டு முழுக்கத் தனி டிஸ்க்குகளில் இருந்தால் இந்தச் சிரமங்களில் பெரும்பாலானவை தேவையில்லை. அந்த டிஸ்க்குகளை நிறுவல் நிரலுக்குக் காட்டவே வேண்டாம். இக்னோர்டிஸ்க்கின் ஒன்லி-யூஸ் மூலம் இயங்குதள டிஸ்க்குகளை மட்டும் கொடுங்கள். நிறுவல் முடிந்தபின் ரெய்டை இணைத்து, எஃப்எஸ்டேப்பில் யூயூஐடியோடு ஒரு வரி சேருங்கள். இனி வாங்கப்போகும் சர்வர்களுக்காவது, இயங்குதளத்துக்கு 2 சிறிய எஸ்எஸ்டி தனியாகப் போடச் சொல்லி வாதாடுங்கள். பெரிய செலவில்லை. அடுத்த மறுநிறுவலைச் செய்யப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம். அவருக்கு இது பெரிய உதவி.

நிறுவல் முடிந்து தரவு கண்ணில் தெரிந்ததும் வேலை ஓய்ந்துவிடாது. கோப்புகளின் உரிமையாளர் டிஸ்க்கில் பெயராக இல்லை, எண்ணாக இருக்கிறார். சென்ட்ஓஎஸ் 6-இல் பயனர் எண்கள் 500-இல் தொடங்கின; 7 முதல் 1000-இல் தொடங்குகின்றன. பயனர்களைப் புதிய வரிசையில் உருவாக்கினால் ஒருவருடைய கோப்பு இன்னொருவருடையதாகிவிடும். பழைய பாஸ்வேர்டு கோப்பிலிருந்து எண்களை எடுத்து, அதே எண்களோடு பயனர்களை உருவாக்குங்கள். எஸ்இலினக்ஸ் லேபிள்களை ரெஸ்டோர்கான் கொண்டு சரிசெய்யுங்கள். தரவுத்தளம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்தது போஸ்ட்கிரெஸ் 9.2; ரெட்ஹாட் 8 வரிசையில் இயல்பாக வருவது 10. பழைய தரவு அடைவு ஒரு பைட்கூடக் குறையாமல் அங்கே இருந்தாலும் புதிய போஸ்ட்கிரெஸ் அதைத் திறக்காது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே டம்ப் எடுத்து வைத்தால் அந்த இரவு உங்களுக்கு நிம்மதியாகக் கழியும்.

பேக்கப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. மறுநிறுவலுக்கு முன் வேறோர் இடத்தில் நகல் இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து சில கோப்புகளையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு நேரம் தராமல் இன்று இரவே முடித்துவிடுங்கள் என்று மேலே இருப்பவர் சொன்னால், முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள். இதில் உங்கள் பக்கம் நிற்க நான் தயார்.

சர்வருக்குப் போகுமுன் கோப்பை மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள். சிறிய டிஸ்க்குகள் 4 போதும். ஒவ்வொன்றுக்கும் சீரியல் எண்ணை நீங்களே கொடுங்கள், இல்லையென்றால் பை-ஐடி பெயர் வராமல் போகலாம். பழைய இயங்குதளத்தை ஏற்றி, அதே பெயர்களில் ரெய்டுகளை அமைத்து, தரவு ரெய்டில் கோப்புகளைப் போட்டு, அவற்றின் செக்சம்மை வெளியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கோப்பை ஓட்டிச் செக்சம்மை ஒப்பிடுங்கள். டிஸ்க்குகளின் வரிசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். முடிவு மாறக் கூடாது. கடைசியாக ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். இந்த முறை நிறுவல் பிரீ பகுதியிலேயே நின்று, எந்த ரெய்டில் எந்த உறுப்பைக் காணவில்லை என்று திரையில் சொல்ல வேண்டும். நிற்காமல் முன்னேறிப் போனால், சர்வருக்குக் குறித்த தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கோப்பைத் திருத்துங்கள்.

அன்புடன்,
இதே வேலையில் இருக்கும் ஒருவர்